ரேலி வரலாற்றை யாரிடமிருந்து தொடங்கலாம்? ஆறு சாம்பியன்கள், ஓர் ஒப்பீடு

ரேலி பந்தயத்தின் மேல் புதிதாக ஆர்வம் பிடித்தவர்கள் சீக்கிரமே ஒரு முட்டுச்சந்தில் வந்து நிற்கிறார்கள். உலக ரேலி சாம்பியன்ஷிப் 1973-இல் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேலான பருவங்கள், பல முறை மாறிய விதிகள், வந்தும் போயும் திரும்பி வந்தும் கொண்டிருக்கிற கார் நிறுவனங்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்து முடிப்பது நடக்காத காரியம். ஒரு சாம்பியனைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பந்தய வாழ்க்கையை முதல் ரேலியிலிருந்து கடைசிவரை தொடர்வதுதான் சரியான வழி. யாரைப் பிடிப்பது என்பதில்தான் வாசகர்கள் தடுமாறுகிறார்கள்.

"அதிகப் பட்டம் வென்றவரிடம் தொடங்கு" என்பது வழக்கமான பதில். செபஸ்தியன் லோப் ஒன்பது பட்டங்களோடு தனியாக நின்றவரை அந்தப் பதிலில் குழப்பம் இல்லை. 2025-இல் செபஸ்தியன் ஓஜியேயும் ஒன்பதாவதை வென்றுவிட்டார். இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், இருவருக்கும் ஒரே முதற்பெயர், இருவருக்கும் ஒரே எண்ணிக்கை. எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் வழி அடைபட்டதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். பட்டம் என்பது ஓட்டுநர், இணை ஓட்டுநர் (பக்கத்தில் உட்கார்ந்து பாதைக் குறிப்புகளை வாசிப்பவர்), கார், டயர், அணியின் பணப்பெட்டி எல்லாம் சேர்ந்து வாங்குவது. அதில் எது யாருடைய பங்கு என்று பட்டத்தின் எண்ணிக்கை சொல்லாது. அதைப் பிரித்துக் காட்டுகிற வாழ்க்கை எதுவோ, தொடக்கக்காரருக்கு அதுவே அதிகம் கற்றுத்தரும்.

## எதை வைத்து அளப்பது

என் முதல் அளவுகோல் இதுதான்: அந்த ஓட்டுநர் அணி மாறியிருக்கிறாரா? மாறியபோது வேகமும் கூடவே போனதா, பழைய காரோடு நின்றுவிட்டதா? இதற்கு நிகரான சோதனை ரேலியில் வேறு இல்லை.

இரண்டாவது, ஓட்டுநர் பட்டத்தையும் அணிப் பட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ரேலியில் இவை தனித்தனி. 1973-இல் தொடங்கியபோது கார் நிறுவனங்களுக்கு மட்டுமே பட்டம் இருந்தது. ஓட்டுநருக்கான முழு உலகப் பட்டம் 1979-இல்தான் வந்தது, முதலில் அதை வென்றவர் சுவீடனின் பியோர்ன் வால்டெகார்ட். அணி தோற்ற ஆண்டில் அதன் ஓட்டுநர் பட்டம் வென்றிருந்தால், அந்த ஆண்டை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அந்தக் காலத்தின் விதிகள் எவ்வளவு சிக்கலானவை என்பது. மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் இங்கேதான். 1980-களில் ஓட்டுநர்கள் ஆண்டின் எல்லாச் சுற்றுகளுக்கும் (ஒவ்வொரு சுற்றும் ஒரு ரேலி) போகமாட்டார்கள்; போன சுற்றுகளிலும் சிறந்த சில முடிவுகள் மட்டுமே கணக்கில் வரும். புள்ளி முறை பல தடவை மாறியிருக்கிறது. முதலிடத்துக்கு ஒரு காலத்தில் 20 புள்ளி, பிறகு 10, 2010 முதல் 25. ஆகவே காலம் கடந்து புள்ளிகளை ஒப்பிடுவது வீண் வேலை.

நான்காவது, பார்க்கக் கிடைப்பது. 2018-க்குப் பிறகு ஒவ்வொரு கட்டமும் (ரேலியில் நேரம் பார்த்து ஓட்டும் பாதைத் துண்டு) நேரலையில் வருகிறது. 1990-களுக்குக் காருக்குள்ளிருந்து எடுத்த படங்கள் ஓரளவு கிடைக்கும். அதற்கு முந்தையவர்களைத் தொடர விரும்பினால் முடிவுப் பட்டியல்களையும் பழைய கட்டுரைகளையும் நம்பித்தான் ஓட வேண்டும்.

ஆறு பேரின் கணக்கு இது:

| ஓட்டுநர் | பட்ட ஆண்டுகள் | பட்டம் வென்ற கார்கள் | அதே ஆண்டில் அணிப் பட்டமும் வந்தது | ரேலி வெற்றிகள் |
|---|---|---|---|---|
| செபஸ்தியன் லோப் | 2004–2012 | சிட்ரோயன் | 9-இல் 7 | 80 |
| செபஸ்தியன் ஓஜியே | 2013–2018, 2020, 2021, 2025 | வோக்ஸ்வேகன், ஃபோர்டு, டொயோட்டா | 9-இல் 7 | 67 (2025 முடிவில்) |
| யூஹா கன்குனன் | 1986, 1987, 1991, 1993 | பெஜோ, லான்சியா, டொயோட்டா | 4-இல் 4 | 23 |
| டோமி மாகினன் | 1996–1999 | மிட்சுபிஷி | 4-இல் 1 | 24 |
| கார்லோஸ் சைன்ஸ் | 1990, 1992 | டொயோட்டா | 2-இல் 0 | 26 |
| காலே ரோவன்பெரா | 2022, 2023 | டொயோட்டா | 2-இல் 2 | 18 (2025 முடிவில்) |

அட்டவணையின் நான்காவது பத்தியை மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பாருங்கள். பட்டம் குறைவாக உள்ள சைன்ஸும் மாகினனும் அங்கே வேறு உயரத்தில் தெரிவார்கள். அணிப் பட்டம் இரண்டாவது ஓட்டுநரையும் பொறுத்தது என்பதால் அந்தப் பத்தியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

## லோப்: ஒரே வீட்டில் ஒன்பது

லோப் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தவர், 1974-இல் பிறந்தவர். இளமையில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். 2001-இல் சிட்ரோயன் சாக்சோ காரில் இளையோர் பட்டம், 2002-இல் ஜெர்மனி ரேலியில் முதல் உலக வெற்றி, 2004 முதல் 2012 வரை இடைவெளியே இல்லாமல் ஒன்பது உலகப் பட்டங்கள். ஒன்பதிலும் பக்கத்து இருக்கையில் மொனாக்கோவின் டேனியல் எலேனா. 2005 கோர்சிகா ரேலியில் எல்லாக் கட்டங்களிலும் இவரே வேகமானவர். உலக ரேலி ஒன்றில் அப்படி ஒருவர் முழுதாகத் துடைத்தெடுத்தது அதுவே முதல் முறை.

லோப்பிடம் தொடங்குவதில் உள்ள வசதி, நேர்கோட்டுக் கதை. ஒரு நிறுவனம், ஒரு இணை ஓட்டுநர், ஒரே திசை. ரேலியின் சொற்களையும் சுற்றுகளையும் பழகிக்கொள்ள இது நல்ல தளம். பனி, சரளை, தார்ச்சாலை என்று தரை மாறும்போது ஓர் ஓட்டுநர் எப்படி மாறுகிறார் என்று தெரிந்துகொள்ளவும் இவர் போதும். தார்ச்சாலைக்காரர் என்று பெயரெடுத்து வந்தவர், 2004-இல் சுவீடனின் பனியில் வென்று நார்டிக் நாட்டுக்காரர் அல்லாத முதல் வெற்றியாளர் ஆனார்.

விலை என்னவென்றால், நடுவில் சலிப்பு தட்டும். 2008 முடிவில் சுபாருவும் சுசுகியும் வெளியேறிவிட, 2009-இலும் 2010-இலும் முழுநேரப் போட்டியில் இருந்த பெரிய அணிகள் சிட்ரோயனும் ஃபோர்டும் மட்டுமே. அந்த ஆண்டுகளில் அவர் எவ்வளவு உயர்ந்தவர் என்பதை எதிராளிகளை வைத்து அளக்க முடியாது. 80 வெற்றிகளில் 79 சிட்ரோயனில் வந்தவை. அப்படியானால் காரின் பங்கு எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு லோப்பின் வாழ்க்கையிலேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன. அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இரண்டு இடங்களையும் விட்டுவிட வேண்டாம். முதலாவது 2006. சிட்ரோயன் நிறுவனம் அந்த ஆண்டு நேரடியாகப் பங்கேற்கவில்லை. க்ரோனோஸ் என்ற பெல்ஜிய அணிதான் சாரா காரை ஓடவைத்தது. முதல் பன்னிரண்டு ரேலிகளில் எட்டை வென்ற லோப், மலைச் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். கடைசி நான்கு ரேலிகளுக்குப் போகவே இல்லை. ஆனாலும் மார்கஸ் குரோன்ஹோமை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டம் அவருக்கே வந்தது. அணிப் பட்டத்தை ஃபோர்டு எடுத்துக்கொண்டது. இரண்டாவது 2022 மான்டே கார்லோ. 47 வயது, எம்-ஸ்போர்ட் அணியின் ஃபோர்டு பூமா, பக்கத்தில் கணித ஆசிரியையான இசபெல் கால்மிஷ். அந்தக் காரில் முதல் போட்டியிலேயே வென்றார், அதுவும் ஓஜியேயை முந்தி. அந்த ஒரு ரேலி பழைய கேள்விகளில் பாதியை வாயடைத்துவிட்டது.

எண்களும் சாதனைகளும் உங்களை இழுக்கின்றன என்றால், ஒரே வாரத்தில் ஒரு முழு வாழ்க்கையின் வரைபடம் கைக்கு வர வேண்டும் என்றால், லோப்.

## ஓஜியே: மூன்று கதவுகள்

நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது இவரைத்தான்.

1983-இல் காப் நகரில் பிறந்த ஓஜியே, லோப் இருந்த அதே சிட்ரோயன் வீட்டில்தான் வளர்ந்தார். 2010 போர்ச்சுகலில் முதல் வெற்றி. 2011-இல் இருவரும் சம உரிமையோடு ஓட, இருவருக்கும் தலா ஐந்து வெற்றிகள். அந்த ஆண்டு ஜெர்மனி ரேலியைத் தனியாக எடுத்துப் படிக்கலாம். முதல் நாளுக்குப் பின் முன்னால் இருந்த லோப்பை விரட்ட வேண்டாம் என்று அணி ஓஜியேயைத் தடுத்தது. அடுத்த நாள் லோப்பின் டயர் பஞ்சராகியது. ஜெர்மனியில் தொடர்ந்து எட்டு முறை வென்றிருந்த லோப்பின் சங்கிலி அறுந்து, வெற்றி ஓஜியேக்குப் போனது. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆண்டு முடிவில் அவர் வெளியேறினார்.

போன இடம்தான் வியப்பு. வோக்ஸ்வேகனிடம் அப்போது போட்டிக்கான காரே தயாராகவில்லை. 2012 முழுவதும் ஸ்கோடாவின் சிறிய காரை ஓட்டிக்கொண்டு, போலோ காரை உருவாக்கும் வேலையில் இருந்தார். பட்டத்துக்குப் போட்டியிடக்கூடிய ஓர் ஆண்டை முழுதாகத் துறந்த கணக்கு அது. 2013-இல் அதற்கு வட்டியோடு திரும்பக் கிடைத்தது. லோப் விடைபெற்ற பிரான்ஸ் ரேலியில், லோப்பின் சொந்த மண்ணான அல்சாஸிலேயே, ஓஜியேயின் முதல் பட்டம் உறுதியானது. நான்கு ஆண்டுகளில் வோக்ஸ்வேகன் 52 ரேலிகளில் 43-ஐ வென்றது.

இதுவரை கேட்டால் "நல்ல கார் கிடைத்தது" என்று சொல்லிவிடலாம். 2016 முடிவில், டீசல் புகை மோசடியின் செலவுகளில் சிக்கியிருந்த வோக்ஸ்வேகன், ரேலியை விட்டே விலகியது. நான்கு முறை சாம்பியன் வேலையில்லாமல் நின்றார். அவர் சேர்ந்தது மால்கம் வில்சனின் எம்-ஸ்போர்ட். இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் உள்ள தனியார் அணி; வோக்ஸ்வேகன் அளவுக்குப் பணம் அங்கே கிடையாது. 2017-இல் ஓஜியே வென்றது இரண்டே ரேலிகள். பட்டம் கிடைத்தது. அணிப் பட்டமும் கிடைத்தது. காரில் வேகம் போதாத நாளில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்து புள்ளி சேர்க்கும் கலையை இந்த ஓராண்டில் பார்ப்பதுபோல் வேறெங்கும் பார்க்க முடியாது. 2018-இலும் அதே அணியோடு பட்டம்.

2019-இல் சிட்ரோயனுக்குத் திரும்பினார். மூன்று வெற்றிகள், பட்டியலில் மூன்றாம் இடம், மனக்கசப்பு. ஒரே ஆண்டில் கிளம்பிவிட்டார். முதல்தர ஓட்டுநர் இல்லாமல் தொடர முடியாது என்று சொல்லி சிட்ரோயனும் கடையைக் கட்டியது. ஓர் ஓட்டுநர் போனதால் ஒரு பெரும் நிறுவனம் மூட்டை கட்டியது ரேலியில் ஓட்டுநரின் எடையைக் காட்டுகிறது. சிட்ரோயனின் இந்த ஓராண்டு ஓஜியேயின் தோல்வியும்கூட. அவர் கைபட்டதெல்லாம் பொன்னாகிவிடவில்லை என்பதையும் மறைக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு டொயோட்டா: 2020, 2021, மறுபடியும் 2025.

இவரைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள மறைமுகச் செலவு, கணக்குச் சிக்கல். 2020 பருவத்தில் கொரோனாவால் ஏழே சுற்றுகள் நடந்தன. 2022 முதல் அவர் பகுதிநேர ஓட்டுநர். 2025 பட்டத்தைக்கூடச் சில சுற்றுகளை விட்டுவிட்டுத்தான், சக டொயோட்டா ஓட்டுநர் எல்ஃபின் எவன்ஸைவிட நான்கு புள்ளி அதிகமாக எடுத்து வென்றார். சில சுற்றுகளை விட்டுவிட்டு வெல்வது இன்னும் பெரிய சாதனை என்று ரசிகர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. சரளைப் பாதையில் முதலில் போகும் கார், மேலே கிடக்கும் தளர்ந்த கற்களைத் துடைத்துக்கொண்டு போகிறது. பின்னால் வருபவர்களுக்குப் பிடிப்புள்ள தரை கிடைக்கிறது. தரவரிசையில் மேலே இருப்பவரே முதலில் போக வேண்டும். சில சுற்றுகளை விட்டவருக்குப் புள்ளி குறைவு, ஆகவே பின்னால் கிளம்பும் வசதி. இதே விதி முன்பு ஓஜியேயையே வாட்டியது: 2015-இல் விதியை மாற்றி, புள்ளிப்பட்டியலில் முன்னணியில் இருப்பவர் முதல் இரண்டு நாட்களும் பாதையைத் திறக்க வேண்டும் என்றார்கள். அவர் வாய்விட்டுத் திட்டினார், ஆனாலும் வென்றார். இரண்டு காலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயம்.

இணை ஓட்டுநர் பற்றியும் ஒரு சொல். முதல் எட்டுப் பட்டங்களில் ஜூலியன் இங்கிராசியா, ஒன்பதாவதில் வின்சென்ட் லாண்டே. லோப்–எலேனா இணையில் பிரிக்க முடியாத ஒன்று இங்கே பிரிந்து கிடைக்கிறது.

## கன்குனன்: ஓஜியேக்கு முன்னோடி

மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் கார்களில் உலகப் பட்டம் வென்றவர் என்ற பெருமை நெடுங்காலம் பின்லாந்தின் கன்குனனிடம் மட்டுமே இருந்தது. பெஜோ, லான்சியா, டொயோட்டா. என் முதல் அளவுகோலில் இவர் முழு மதிப்பெண் வாங்குகிறார். இரண்டாவதில் எச்சரிக்கை தேவை: நான்கு பட்ட ஆண்டுகளிலும் அவருடைய அணியே அணிப் பட்டத்தையும் வென்றது. அதாவது சரியான நேரத்தில் சரியான வீட்டில் இருக்கத் தெரிந்தவர். அதுவும் ஒரு திறமைதான், ஓட்டும் திறமையோடு குழப்பிக்கொள்ளாதவரை.

இவரிடம் தொடங்குபவர் கொடுக்கும் விலை 1986. குரூப் பி எனப்பட்ட, கட்டுப்பாடு குறைந்த அதிவேகக் கார்களின் கடைசி ஆண்டு. போர்ச்சுகலில் பார்வையாளர்கள் உயிரிழந்தார்கள். மே மாதம் கோர்சிகாவில் ஹென்ரி டோய்வோனனும் இணை ஓட்டுநர் செர்ஜியோ க்ரெஸ்டோவும் லான்சியா காரோடு எரிந்து மாண்டார்கள். குரூப் பி அடுத்த ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டது. பட்டமும் நீதிமன்ற வழக்குபோல முடிந்தது. சான்ரேமோவில் பக்கவாட்டுத் தகடுகள் விதிமீறல் என்று பெஜோ கார்கள் நீக்கப்பட்டன. பருவம் முடிந்த பிறகு அந்த ரேலியின் முடிவையே ரத்து செய்தார்கள். பதினொரு நாட்கள் சாம்பியனாக இருந்த லான்சியா ஓட்டுநர் மார்க்கு ஆலெனிடமிருந்து பட்டம் கன்குனனுக்கு மாறியது. ஆலென் அதற்குப் பிறகு உலகப் பட்டம் வெல்லவே இல்லை.

விதிகள், கார் வகைகள், நிறுவன அரசியல் ஆகியவற்றில் ஈர்ப்பு உள்ளவர்களுக்கு கன்குனன் சரி. பார்த்து ரசிக்க விரும்புபவர்கள் ஏமாறுவார்கள்.

## மாகினன்: அணியைவிட வேகமானவர்

1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள், எல்லாம் மிட்சுபிஷி லான்சரில். ஒரே அணி, ஆகவே லோப்பின் சுருக்கமான பதிப்பு என்று தோன்றலாம். அட்டவணையைப் பாருங்கள்: அந்த நான்கில் மிட்சுபிஷி அணிப் பட்டம் வென்றது 1998-இல் மட்டும். இரண்டு ஆண்டுகள் சுபாரு, ஓராண்டு டொயோட்டா. 1997-இல் காலின் மெக்ரேயைவிட ஒரே புள்ளி அதிகம்.

இவருடைய கதை சுருக்கமானது. நான்கு பருவங்களில் சாரம் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு சரிவு வேகமாக வந்தது. 2002-இல் சுபாருவுக்கு மாறி, முதல் ரேலியான மான்டே கார்லோவை வென்றார். அத்தோடு வெற்றிகள் நின்றன. அணி மாற்றச் சோதனையில் அரை மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாம் பாதி ஒன்று இருக்கிறது: 2017-இல் ரேலிக்குத் திரும்பிய டொயோட்டா அணிக்கு அப்போது தலைவராக இருந்தவர் இவர்தான். மறு ஆண்டே அணிப் பட்டம். ஓட்டுநரையும் அணியையும் ஒரே ஆள் வழியாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு இவரை விட்டால் ஆள் இல்லை.

## சைன்ஸ்: இரண்டே பட்டங்கள்

பட்டியலில் இவரைச் சேர்த்ததற்காகச் சிலர் புருவம் உயர்த்துவார்கள். இரண்டு பட்டங்கள்தானே?

அந்த இரண்டும் எப்போது வந்தன என்று பாருங்கள். 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அணிப் பட்டம் லான்சியாவுடையது. அந்த அணியில் பியாசியோன், ஓரியோல், கன்குனன் என்று வெற்றியாளர்களே வரிசையில் நின்றார்கள். எதிரே டொயோட்டாவில் சைன்ஸ். 1990-இலும் 1992-இலும் அவர் ஓட்டுநர் பட்டத்தைப் பறித்துக்கொண்டு போனார். 1992-இல் திதியே ஓரியோல் ஆறு ரேலிகளை வென்றும் மூன்றாவதாகவே முடித்தார். நான்கு வெற்றிகளோடு சைன்ஸ் சாம்பியன். 1990-இல் பின்லாந்தின் ஆயிரம் ஏரிகள் ரேலியை வென்ற முதல் நார்டிக் அல்லாதவரும் இவரே.

பிறகுதான் பாடம் தொடங்குகிறது. 1993-இல் அவர் டொயோட்டாவை விட்டதற்குக் காரணம் வேகமோ சண்டையோ அல்ல, எண்ணெய். அவருடைய புரவலர் ரெப்சோல், டொயோட்டாவின் புரவலர் காஸ்ட்ரோல். நடப்பு சாம்பியன் தனியார் கையில் இருந்த லான்சியாவுக்குப் போய், ஆண்டு முழுவதும் ஒரு வெற்றிகூட இல்லாமல் திரும்பினார். அணி மாற்றத்தின் விலை இவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிற இடம் அரிது. சுபாருவில் 1995: கடைசி ரேலிக்கு முன் சக ஓட்டுநர் மெக்ரேயோடு புள்ளி சமம், பட்டம் மெக்ரேக்கு. டொயோட்டாவில் 1998: பிரிட்டன் ரேலியின் கடைசிக் கட்டம், இறுதிக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது இயந்திரம் நின்றது. ஊர்ந்துகொண்டு போய்ச் சேர்ந்திருந்தால் பட்டம் அவருடையது. இணை ஓட்டுநர் லூயிஸ் மோயா தலைக்கவசத்தை வீசிக் காரின் பின்கண்ணாடியை உடைத்தார். முன்னதாகவே போட்டியிலிருந்து வெளியேறியிருந்த மாகினனுக்குப் பட்டம் போய்ச் சேர்ந்தது.

டொயோட்டா, சுபாரு, ஃபோர்டு, சிட்ரோயன் என்று நான்கு நிறுவனங்களில் ரேலி வென்றவர். பாலைவனத்துக்கு மாறி டக்கார் போட்டியையும் நான்கு முறை, நான்கு வெவ்வேறு நிறுவனக் கார்களில் வென்றார்; கடைசியாக 2024-இல், 61 வயதில். பட்ட எண்ணிக்கை ஓட்டுநரின் அளவை எவ்வளவு தவறாகச் சொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செலவு? கதை நீளமானது. தோல்விகள் மனத்தை அழுத்தும். எந்த ஆண்டு எந்தக் கார் என்று நினைவில் வைத்துக்கொள்ளத் துண்டுத்தாள் வேண்டும். ரேலியோடு கொஞ்சம் பழகிவிட்டவர்களுக்கு என் முதல் பரிந்துரை ஓஜியே அல்ல, சைன்ஸ்.

## ரோவன்பெரா: பாதியில் எழுந்து போனவர்

2000 அக்டோபர் 1-இல் பிறந்தவர், 2022 அக்டோபர் 2-இல் நியூசிலாந்தில் சாம்பியன் ஆனார். வயது 22, கூட ஒரு நாள். அதுவரை இளைய சாம்பியன் 27 வயதில் வென்ற மெக்ரே. 2023-இலும் பட்டம், 2024-இல் தானாகவே பகுதிநேரத்துக்கு மாறினார். போலந்தில் ஓஜியே, போட்டிக்கு முன் பாதையைப் பார்த்துவரும் முன்னோட்டப் பயணத்தில் விபத்துக்குள்ளாக, கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு வந்து ரேலியையே வென்றுவிட்டுப் போனார். 2025-இல் டயர் நிறுவனம் பைரெல்லியிலிருந்து ஹான்கூக்குக்கு மாறியது, அந்த டயர்களோடு ஒத்துப்போகத் திணறினார், மூன்றாம் இடம். 25 வயதில் ரேலியை விட்டு வட்டச்சாலைப் பந்தயத்துக்குப் போவதாக அறிவித்தார்.

எல்லாக் கட்டங்களும் முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் என்பது இவரிடம் உள்ள பெரிய வசதி. ஆனால் எல்லாம் ஒரே அணியில், அதுவும் வெல்லும் அணியில். அளக்கப் போதுமான தூரம் இன்னும் இல்லை. கண்ணுக்கு விருந்து வேண்டுவோர் இவரிடம் போகலாம்.

## ஆறில் இல்லாதவர்கள்

வால்டர் ரோர்ல் 1980, 1982, 1983, 1984 ஆகிய நான்கு ஆண்டுகளில் மான்டே கார்லோவை வென்றார்: ஃபியட், ஓப்பல், லான்சியா, ஆடி. நான்கு முறையும் வேறு நிறுவனம். ஒரே ரேலியை மட்டும் வைத்துக்கொண்டு கார்களை ஒப்பிட விரும்புபவருக்கு இது புதையல். 1982-இல் இரண்டு சக்கர இழுவை ஓப்பலில் ரோர்ல் பட்டம் வென்றபோது, நான்கு சக்கர இழுவை ஆடியில் மூன்று ரேலிகளை வென்று இரண்டாவதாக வந்தவர் மிஷெல் மூட்டோன். உலகப் பட்டத்துக்கு அவ்வளவு அருகில் வந்த பெண் வேறு யாருமில்லை. இவருடைய வாழ்க்கையைத் தனியாகவே படிக்க வேண்டும்.

தியரி நூவில் ஐந்து முறை இரண்டாம் இடம் பிடித்து, 2024-இல் ஹூண்டாயில் சாம்பியன் ஆனவர். 2019-இல் ஓட் தானக் டொயோட்டாவில் வென்றதோடு, 2004 முதல் பட்டத்தைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருந்த இரண்டு செபஸ்தியன்களின் ஆட்சி முதல் முறையாக இடைமறிக்கப்பட்டது. மறு ஆண்டே ஹூண்டாய்க்கு மாறிய அவருக்கு அங்கே பட்டம் கிடைக்கவில்லை. அணி மாற்றம் கைகொடுக்காத கதைகளையும் ஒன்றிரண்டு படிக்க வேண்டும் என்றால் தானக் நல்ல தேர்வு.

## ஓட்டுநர் வேண்டாம், அணி போதும் என்றால்

சிலருக்கு ஆளைவிட நிறுவனத்தின் மேல் ஆர்வம். அவர்களுக்கு இரண்டு வழிகள்தான் சொல்வேன்.

லான்சியா பத்து அணிப் பட்டங்கள் வென்றது: ஸ்ட்ராட்டோஸ் காரில் 1974 முதல் 1976 வரை மூன்று, 1983-இல் 037 காரில் ஒன்று, டெல்டாவில் ஆறு. 037 பின்சக்கர இழுவைக் கார். நான்கு சக்கர இழுவை வந்துவிட்ட பிறகு, அதை எதிர்த்துப் பின்சக்கர இழுவையில் வென்ற கடைசி அணிப் பட்டம் அதுவே. அந்த ஆண்டு ஓட்டுநர் பட்டம் ஆடியின் ஹன்னு மிக்கோலாவுக்குப் போனது. 1992-க்குப் பிறகு லான்சியா அதிகாரப்பூர்வமாக விலகியதால் இந்தக் கதைக்குத் தெளிவான எல்லைகள் உண்டு. பழைய காலத்தை முழுதாக முடித்துவிட்டேன் என்ற நிறைவோடு எழுந்திருக்கலாம்.

டொயோட்டாவின் கதை மேடுபள்ளமானது. 1993, 1994 பட்டங்கள். 1995-இல் ஸ்பெயினின் கட்டலூனியா ரேலியில் டர்போவின் காற்றுத் தடுப்பானில் செய்த ஏமாற்று வேலை பிடிபட்டு, ஓராண்டுத் தடை. சோதனையில் பார்த்தால் விதிப்படி இருக்கும், ஓடும்போது கூடுதல் காற்றை உள்ளே விடும் அமைப்பு அது. திரும்பி வந்து 1999-இல் பட்டம், உடனே ஃபார்முலா ஒன்றை நோக்கி விலகல். 2017-இல் மறுபிறவி, 2018-இலும், 2021 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் அணிப் பட்டம். அட்டவணையில் உள்ள ஆறு பேரில் லோப் ஒருவரைத் தவிர மற்ற ஐவரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த அணியின் கதவு வழியாக உள்ளே வந்தவர்கள்தான். மாகினன் மட்டும் ஓட்டுநராக வராமல் தலைவராக வந்தார். எந்த ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்தாலும் டொயோட்டாவின் 1995 அத்தியாயத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். 1996-இல் டொயோட்டா ஏன் காணாமல் போனது, அந்த இடைவெளியில் சுபாருவும் மிட்சுபிஷியும் எப்படி வளர்ந்தன என்பது அதிலிருந்துதான் விளங்கும்.